அறுபது நாள் புருஷன்

“மிலிட்டரிக்காரன் பெண்டாட்டி, பாவம்” என்று யாராவது உச்சுக்கொட்டினால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். என்ன பாவம்? என் வீடு, என் வேலை, என் சாவிக்கொத்து. ஆம்பூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். எட்டரைக்குப் போனால் நாலரைக்கு வீடு. என்ன சமைப்பது, யாரை வீட்டுக்குள் விடுவது, எந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டம் போடுவது, எல்லாம் என் இஷ்டம். எங்கள் தெருவில் புருஷனோடு குடித்தனம் நடத்திய பெண்களுக்கு இதில் பாதிகூட வாய்க்கவில்லை. அவர்கள்தான் என்னைப் பார்த்துப் பாவம் என்றார்கள்.

என் வீட்டுக்காரர் வருஷத்தில் அறுபது நாள் வருவார். வருஷ லீவு. அப்போது வட ஆற்காடு ஜில்லாவில் மிலிட்டரிக்கு ஆள் அனுப்பாத தெருவே கிடையாது. எங்கள் தெருவில் மட்டும் ஏழெட்டுப் பேர். அறுபத்தெட்டில் எங்களுக்குக் கல்யாணம். அதற்கப்புறம் பத்து வருஷம், வருஷத்துக்கு அறுபது நாள் என்று கணக்குப் போட்டால், மொத்தமாக இரண்டு வருஷம்கூட நாங்கள் சேர்ந்து வாழவில்லை. நான் கணக்கு டீச்சர் என்பதால் இதை அடிக்கடி போட்டுப் பார்த்திருக்கிறேன்.

அந்த அறுபது நாளும் ஒரே மாதிரிதான் ஓடும். கறுப்புப் பெட்டியோடு வந்து இறங்குவார். முதல் வாரம் சொந்தக்காரர்கள், கோழிக்குழம்பு. அடுத்து ஓடு மாற்றுவார், கிணற்று ராட்டினத்துக்கு எண்ணெய் விடுவார், சைக்கிளைப் பிரித்துப் பூட்டுவார். நாற்பதாம் நாளுக்கு மேல் பேச்சு குறையும். ஐம்பத்தைந்தில் துணி மடிக்க ஆரம்பிப்பார். நாங்கள் சண்டை போட்டதே கிடையாது. விருந்தாளியோடு யாராவது சண்டை போடுவார்களா? கிளம்பும் நாள் காலையில் புளிசோறு கிளறி இலையில் கட்டிக் கொடுப்பேன். ஜோலார்பேட்டையில் வண்டி பிடிக்க பஸ் ஏறுவார். தெரு முழுக்கப் பார்க்கிறதே என்று நானும் கர்ச்சீப்பைக் கண்ணில் வைத்துக்கொள்வேன். பஸ் திருப்பம் தாண்டியதும் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி, காலை நீட்டி உட்காருவேன். “அப்பாடா!” என்று வாய்விட்டுச் சொல்வேன். இதை இப்போது எழுதுவதற்கு எனக்கு வெட்கமில்லை.

கடைசி ஐந்தாறு வருஷமாக அவர் ஐம்பத்தெட்டாம் நாளே கிளம்பிக்கொண்டிருந்தார். “இன்னும் ரெண்டு நாள் இருக்கே?” என்று பேருக்குக் கேட்பேன். “லேட்டாவக் கூடாதும்மா” என்பார். நல்லதாய்ப் போயிற்று என்று நானும் விட்டுவிட்டேன்.

எழுபத்தேழு கடைசியில் அவர் ஒரேயடியாக வந்து சேர்ந்தார். சர்வீஸ் முடிந்து பென்ஷன். எங்கள் சபை ஐயர் ஞாயிறு ஆராதனையில் அவரை எழுந்து நிற்கவைத்து ஸ்தோத்திரம் சொன்னார். எல்லோரும் என் கையைப் பிடித்து, “இனிமே உனக்கு என்னம்மா குறை” என்றார்கள். அன்று இரவு சாப்பிட்ட தட்டை இரண்டு தடவை கழுவினேன். இந்த மனுஷரை எங்கே வைப்பது என்று நிஜமாகவே தெரியவில்லை. வீட்டில் இரண்டு அறை, ஒரு கட்டில். அதில் நானும் மகளும் படுத்துக்கொள்வோம். அவருக்கு லீவில் ஹாலில் பாய் போடுவது வழக்கம். அதே பாயைப் போட்டேன்.

ஐம்பது நாள் நன்றாகத்தான் போயிற்று. ஓடு மாற்றினார். ராட்டினத்துக்கு எண்ணெய் விட்டார். அப்புறம் பேச்சு குறைந்தது. நான் பள்ளிக்கூடம் போகும்போது பெட்டிமேல் உட்கார்ந்திருப்பார். திரும்பி வரும்போதும் அதே இடத்தில் இருப்பார். மகள் ஏதாவது கேட்டால், “அப்பாவுக்கு லீவு முடியப்போவுது பாப்பா” என்பார். அது என்னிடம் வந்து, “அப்பா மறுபடி போறாராமா?” என்று கேட்டது. “சும்மா கெட” என்று அதட்டினேன்.

அறுபதாம் நாள் விடிந்தது. அவர் சவரம் செய்து, பூட்ஸுக்குப் பாலீஷ் போட்டு, பெட்டியைப் பூட்டி, படுக்கையைச் சுருட்டிக் கட்டியிருந்தார். அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகம் என் அலமாரியில் என் சேலைக்கு அடியில் இருந்தது. எனக்குத் தெரியும், இந்த ஆள் போவதற்கு இடம் எதுவும் கிடையாது என்று. ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுப்படிக்குப் போய்ப் புளிசோறு கிளறினேன். இலையில் கட்டி, செய்தித்தாள் சுற்றி, கையில் கொடுத்தேன். “பார்த்துப் போங்க” என்றேன். எங்கேயாவது போய்த் தொலையட்டும் என்றுதான் கொடுத்தேன். வேறு விதமாகச் சொன்னால் பொய்.

மூன்றாம் நாள், ஆறாம் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தபோது, சிவப்புச் சட்டை போட்ட ரயில்வே போர்ட்டர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

“டீச்சரம்மா, உங்க வூட்டுக்காரரு மிலிட்டரியா?”

“ஆமா. அதுக்கு இன்னா?”

“மூணு நாளா ஜோலார்பேட்ட பிளாட்பாரத்துல பொட்டி மேல குந்திகினு கீறாரும்மா. வண்டி வந்தா எழுந்து வெறப்பா நிக்கிறாரு. ஏற மாட்டேன்றாரு. வண்டி போனா மறுபடி குந்திக்கிறாரு. பொட்டில ஊரு பேரு எழுதியிருந்துச்சு, அத்த வச்சி விசாரிச்சிகினு வந்தேன்.”

அந்த ஆள் தன் டூட்டியை விட்டுவிட்டு, தன் காசில் பஸ் ஏறி வந்திருந்தார். நான் நன்றி சொல்லவில்லை. “கிளாஸ் நடக்குறப்போ வந்து இப்படியா கத்துவீங்க?” என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்றே என்ற கடுப்பு. பாவம், அந்த மனுஷர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்.

ஜோலார்பேட்டையில் அவர் அப்படியேதான் இருந்தார். தாடி ஒரு மயிர் இல்லை. குழாயடியில் தினமும் சவரம் செய்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“இங்க இன்னா பண்றீங்க?” என்றேன்.

“மூவ்மென்ட் ஆர்டர் காயிதம் இல்லாம ஏத்த மாட்டாங்கம்மா.”

“உங்களுக்குத்தான் பென்ஷன் ஆயிடுச்சே!”

“தெரியும்.”

“தெரிஞ்சா இங்க எதுக்கு உட்கார்ந்து என் மானத்தை வாங்கறீங்க?”

அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “நான் போனாத்தான் அவன் வர முடியும்.”

“எவன்?”

பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தார். மேலும் கேட்டிருக்கலாம். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. பெட்டியின் ஒரு காதை நான் பிடித்துக்கொண்டு, “நடங்க” என்றேன். நடந்தார்.

சும்மா உட்கார்ந்திருப்பதால்தான் இந்தக் கோளாறு என்று முடிவு செய்து, மகளுடைய தோழியின் அப்பா மேனேஜராக இருந்த தோல் பதனிடும் ஷாப்பில் அவரை கேட் வாட்ச்மேனாகச் சேர்த்துவிட்டேன். அங்கே எல்லோருக்கும் அவரைப் பிடித்துப்போயிற்று. லாரி வந்தால் நம்பர் எழுதுவார், ஆள் தாமதமாக வந்தால் விடமாட்டார். எனக்கும் நிம்மதி. இரண்டு மாதம் கழித்து அந்த மேனேஜர் பாய் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“தங்கமான ஆளு டீச்சர். குத்தமே சொல்ல மாட்டேன். ஆனா இன்னிக்குக் காலையில கேட் சாவிய என் டேபிள் மேல வச்சாரு, ஒரு சல்யூட் அடிச்சாரு, ‘லீவு முடிஞ்சுபோச்சு சாப்’னு சொல்லிட்டுப் போய்ட்டாரு. லாரிங்க எல்லாம் ரோட்ல நிக்குது. ஒரே பேஜாரு.”

“நீங்க ஏன் பிடிச்சு நிறுத்தலை?”

“எப்பிடி டீச்சர் நிறுத்துறது? அவரு கண்ணப் பாத்தீங்கன்னா நீங்களும் நிறுத்த மாட்டீங்க.”

விரலை விட்டு எண்ணிப் பார்த்தேன். ஜோலார்பேட்டையிலிருந்து அவரைக் கூட்டிவந்து சரியாக அறுபது நாள். அப்போதுதான் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. மறுபடி ஜோலார்பேட்டை, மறுபடி பிளாட்பாரம். இந்தத் தடவை விளிம்புக்கு ரொம்பப் பக்கத்தில் பெட்டியைப் போட்டிருந்தார். வண்டி வரும்போது எழுந்து நின்றால், அரை முழம்தான் இடைவெளி. மறுபடி பெட்டியைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்தேன். இன்னொரு அறுபது நாள் போனால் அவர் என்ன செய்வார் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த நாளைத் தாண்ட வைக்க வேண்டும். அது ஒன்றுதான் மண்டையில் ஓடியது.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். உபவாச ஜெபம் என்றார் ஐயர். என் வீட்டுக்காரருடைய அண்ணன் வந்து, “பொண்டாட்டி சம்பாதிச்சா ஆம்பளைக்கு இப்படித்தான் ஆவும்” என்று என் வீட்டு காபியைக் குடித்துக்கொண்டே சொன்னார். டம்ளரைப் பிடுங்காததுதான் குறை. முன்னாள் சிப்பாய்களுக்கு உதவி செய்கிற ஆபீஸ் ஒன்று இருக்கிறது என்றார்கள். வேலூருக்கு பஸ் ஏறினேன். அங்கே இருந்த கிளார்க், பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்:

“கை கால் ஏதாச்சும் போச்சாம்மா?”

“இல்லீங்க. தலையிலதான் ஏதோ.”

“தலையில குண்டு பட்டுச்சா?”

“படலை.”

“அப்போ நாங்க இன்னாம்மா பண்றது? இந்த ஃபாரத்துல எந்த எடத்துல எழுதுறது அத்த?” ஃபாரத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நிஜமாகவே அதற்கு இடமில்லை. கை, கால், கண், காது, குண்டுக்காயம் என்று கட்டம் கட்டமாக அச்சடித்திருந்தது. “பதினேழு வருஷம் வேலை வாங்கத் தெரிஞ்சுது, ஒரு கட்டம் போடத் தெரியலையா உங்களுக்கு?” என்று கத்தினேன். அந்தக் கிளார்க்கும் முன்னாள் சிப்பாய்தான். பேனாவைத் திறந்து, கீழே மார்ஜினில் மனநல ஆஸ்பத்திரி ஒன்றின் விலாசத்தை எழுதி, கிழித்துக் கொடுத்தார். “என் மச்சானை அங்கதான் சேத்தேன். என் பேரைச் சொல்லிடாதீங்க” என்றார்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு சட்டம் உண்டு. நோயாளியைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்க வேண்டும். ஒரு அறை, ஒரு ஸ்டவ், பின்னால் ஒரு குளியலறை. அங்கேயே சமைத்து, அங்கேயே சாப்பிட வேண்டும். சாவியை ஒப்படைத்துவிட்டு வருகிற மாதிரி இவரை ஒப்படைத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நான் போயிருந்தேன்.

டாக்டர் என்னைவிடச் சின்னவர். ஒல்லியாக, ஹவாய்ச் செருப்பு போட்டிருந்தார். அந்தச் செருப்பைப் பார்த்ததுமே எனக்கு மரியாதை போய்விட்டது.

“நான் எதுக்கு டாக்டர் தங்கணும்? பைத்தியம் எனக்கா?”

“அவரால இருக்க முடியாம போறது எந்த இடம் டீச்சர்? ஆஸ்பத்திரியா, உங்க வீடா?”

“அப்போ என் வீட்டைக் குறை சொல்றீங்களா?”

“வீடு எப்படி இருக்குன்னு நான் பார்க்கணும். வீட்டை இங்க கொண்டுவர முடியாது. அதான் உங்களைக் கூப்பிடறேன்.”

என்ன திமிர் பாருங்கள்! ஆனால் வேறு வழியில்லை. கோடை லீவு வந்தது. அதற்கு மேல் சம்பளமில்லா லீவு எழுதிக் கொடுத்தேன். மகளைத் தங்கை வீட்டில் விட்டேன். அறுபதாம் நாள் அந்த ஆஸ்பத்திரியிலேயே வரும்படி கணக்குப் போட்டுத்தான் டாக்டர் நாள் குறித்திருந்தார்.

கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் முதல் தடவையாக நாங்கள் இரண்டு பேரும் வேறு யாருமில்லாமல் ஒரே அறையில் இருந்தோம். எனக்கு அவருடைய ஒவ்வொன்றும் எரிச்சல். போர்வையை மடித்தால் ஸ்கேல் வைத்த மாதிரி மடிப்பார். டம்ளர்களை உயரவாரியாக அடுக்குவார். டாக்டர் வந்தால் கட்டிலின் தலைமாட்டில் விறைத்து நின்று, “ஆல் கரெக்ட் சாப்” என்பார். தூக்கம் வருதா? ஆல் கரெக்ட் சாப். பசி? ஆல் கரெக்ட். இரண்டு வாரம் இதே பாட்டு. மிலிட்டரியில் உடம்பு சரியில்லை என்று சொன்னவனை வேலைக்குப் பயந்தவன் என்பார்களாம். பேதியாகிப் படுத்தாலும் அப்படித்தானாம்.

டாக்டர் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு, தினமும் காலையில் அவரைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். இரண்டு பேரும் பாத்தி வெட்டினார்கள். செருப்பும் சேறுமாகத் திரும்பி வருவார்கள். “இதுக்குத்தான் படிச்சியா?” என்று மனதுக்குள் திட்டிக்கொள்வேன். ஐந்தாவது வாரம் ஒரு நாள் டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டார்.

“உங்க பாப்பாவுக்கு ஞானஸ்நானம் எப்போ டீச்சர்?”

“எழுபத்திரண்டுல. அவர் லீவுல வந்திருந்தப்போ.”

“லீவு முடிஞ்சு நாலு நாள் கழிச்சுத்தானே?”

ஆமாம். அந்த வருஷம் ஐயர் வெளியூர் போய்விட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் முடியும் என்றார்கள். அதற்கு நாலு நாள் முன்னாலேயே லீவு முடிகிறது. அதற்கென்ன, தந்தி கொடுத்தோம். எங்கள் தெருவில் எல்லோரும் கொடுப்பதுதான். லீவு நீட்டிக்க வேண்டுமென்றால் ரெஜிமெண்டுக்கு ஒரு தந்தி. மதர் சீரியஸ், வைஃப் சீரியஸ், வீடு இடிந்தது, ஏதாவது ஒன்று. செத்துப்போன என் மாமியார்கூட அதற்கு முன் இரண்டு தடவை தந்தியில் சீரியஸாகியிருந்தார். போஸ்ட் ஆபீஸில் குத்துக்கல்லாட்டம் நின்றுகொண்டு, “வைஃப் சீரியஸ்” என்று நானே என் கையால் எழுதிக் கொடுத்தேன். தந்தி அடிப்பவர் என்னை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

டாக்டர் மீதியைச் சொன்னார். எழுபத்தொன்றில் நடந்த பாகிஸ்தான் சண்டை முடிந்து, இவருடைய ஆட்கள் எல்லையில் கண்ணிவெடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். லீவு ஒருவர் மாற்றி ஒருவருக்குத்தான். இவர் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்தவன் கிளம்பலாம். அடுத்தவன் பேரணாம்பட்டுப் பக்கத்துப் பையன். இவருக்கு ரொம்ப வேண்டியவன். பெட்டி கட்டி, படுக்கை சுருட்டி வைத்துக்கொண்டு இவருக்காகக் காத்திருந்தான். இவர் வரவில்லை, என் தந்திதான் போய்ச் சேர்ந்தது. லீவு இல்லையென்றால் வேலைக்கு வா என்று அவனை மறுபடி கண்ணிவெடி வயலில் இறக்கினார்கள். மூன்றாம் நாள் வெடித்தது.

அந்த வருஷம் அவர் போட்ட இன்லண்ட் லெட்டர் ஞாபகம் வந்தது. கடைசியில் ஒரு வரி: நம்ம பக்கத்துப் பையன் ஒருத்தன் தவறிவிட்டான். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற அவசரத்தில், கர்த்தர் சித்தம் என்று பதில் எழுதியிருந்தேன்.

“அப்போ நான் கொன்னேன்னு சொல்றீங்க!” என்று எழுந்துவிட்டேன்.

“நான் சொல்லல. அவரும் உங்களைச் சொல்லல. அவர் தன்னைத்தான் சொல்றார்.”

“உங்ககிட்ட சொன்னாரே, பெண்டாட்டிகிட்ட ஆறு வருஷமா ஏன் சொல்லலை?”

“நீங்க கேட்டீங்களா டீச்சர்?”

கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். அந்த ஒல்லி மனுஷரை அன்றைக்கு வெறுத்த மாதிரி நான் யாரையும் வெறுத்ததில்லை. ராத்திரி பகல் அதே நினைப்பு. எல்லோரும்தானே தந்தி கொடுத்தார்கள்? எதிர்வீட்டுக்காரி வருஷாவருஷம் கொடுத்தாளே, அவள் தந்தியால் யார் செத்தார்கள்? எனக்கு மட்டும் ஏன் இந்தக் கணக்கு? அவரிடம் பேசவில்லை. சோற்றை வைத்தேன், தட்டை எடுத்தேன், அவ்வளவுதான்.

அறுபதாம் நாளுக்கு முந்தின நாள் டாக்டர் வந்து சொன்னார்: “நாளைக்குக் கதவைப் பூட்ட மாட்டோம். பிடிச்சுவைக்க ஆள் போட மாட்டோம். கேட் வரைக்கும் நானே கூட வருவேன், ஆனா தொட மாட்டேன். நீங்க செய்ய வேண்டியது ரெண்டு. வழக்கமா கட்டிக் குடுக்கிற சோறு கட்டாதீங்க. உங்க மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க.”

“என் மனசுல இருக்கிறதைச் சொன்னா அவர் நேரா போய்த் தண்டவாளத்துல படுத்துப்பார்.”

“இத்தனை வருஷம் சொல்லாம இருந்தீங்களே, அதுல எவ்வளவு நல்லதாப் போச்சு?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

காலையில் சவரம். பூட்ஸுக்குப் பாலீஷ். படுக்கையைச் சுருட்டினார். பக்கத்தில் காட்பாடியில் ஒன்றரை மணிக்கு ஒரு வண்டி உண்டு; அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெட்டியைப் பூட்டிவிட்டு என்னைப் பார்த்தார். புளிசோற்றுக்காகப் பார்க்கிறார் என்று புரிந்தது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ.

“இன்னா பாக்கறே? சோறு இல்லை, ஒண்ணும் இல்லை. போறதுன்னா போ!”

பத்து வருஷத்தில் அவரை நான் “நீ” என்று சொன்னதில்லை. அவர் அசந்துபோய் நின்றார்.

“போ! போய்த் தொலை! ஒவ்வொரு தடவை நீ பஸ் ஏறும்போதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. தெரியுமா உனக்கு? அழவே இல்லை நான். ஒரு தடவைகூட!”

“தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

“கர்ச்சீப்ப எடுக்கும்போதே தெரியும். அது நனையாதுன்னு.” அவர் குரல் உயர்ந்தது. அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதேயில்லை. “வூட்டுக்குள்ள வந்தா ஒரு எடம் இருக்காடி எனக்கு? பாய் போட்டுக் குடுக்கறே! லாட்ஜா இது? பாப்பா என்னை விருந்தாளியாட்டம் ‘வாங்க’ன்னு கூப்புடுது!”

“நீ வருஷத்துல ரெண்டு மாசம் வந்தா அது வேற எப்படிக் கூப்பிடும்? நாலு நாள் கூட இருக்கணும்னா ஒரு தந்தி, அதுக்கும் ஒரு சாவு! என் தலையில கட்டினியே அதை!”

வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் முகம் வெளுத்தது. எங்கள் அறை வாசலில் பக்கத்து அறைத் தெலுங்குக்காரம்மா வந்து எட்டிப் பார்த்தார். “போம்மா வேலையைப் பார்த்துக்கிட்டு!” என்று கத்தினேன். டாக்டர் வந்து அந்தம்மாவை அழைத்துப்போனார். போகும்போது எங்கள் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

“உன் தலையில கட்டல” என்றார் அவர். “நான் கட்டல.”

“எழுதினது என் கைதானே!”

“சொன்னது யாரு? மதர் வேணாம், நம்ப மாட்டாங்க, வைஃப்னு போடுன்னு சொன்னது யாரு?”

“நீதான்.”

“நான்தான்டி. ஞானஸ்நானத்துக்கு இல்ல. அது வெறும் சாக்கு. பாப்பா அப்போ தவழ ஆரம்பிச்சிருந்துச்சு. ரெண்டு அடி வரும், குப்புற உழும், என்னப் பாத்துச் சிரிக்கும். நாலு நாள் அத்தப் பாத்துகினு இருக்கலாம்னு தோணுச்சு. பாத்தேன். நல்லா பாத்தேன். அங்க அவன் பொட்டி கட்டிகினு என்னப் பாத்துகினு இருந்தான்.”

நான் சும்மா இருந்தேனா? இல்லை. இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டு என்னை ஊமையாக்கினாயே என்று கத்தினேன். கடிதத்தில் ஒற்றை வரி எழுதினால் எவளுக்குப் புரியும் என்று கேட்டேன். நீ கர்த்தர் சித்தம் என்று எழுதினாயே, அதற்கப்புறம் என்ன எழுதுவது என்று அவர் திருப்பிக் கேட்டார். ஓடு மாற்றியதிலிருந்து அவருடைய அண்ணன் குடித்த காபி வரைக்கும் இழுத்தோம். பத்து வருஷச் சண்டையை ஒரே நாளில் போட்டோம். எனக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. அவர் சுருட்டிய படுக்கைமேல் உட்கார்ந்து, சட்டையால் முகத்தைத் துடைத்தார். எதேச்சையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மணி இரண்டேகால்.

அவரும் பார்த்தார். வண்டி போய் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. கேட்டில் யாரும் அவரைப் பிடிக்கவில்லை. யாரோ செத்தார்கள் என்று தந்தி வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். குரல் சின்னதாகிவிட்டிருந்தது.

“நான் போனாலும் அவன் வர மாட்டான், இல்ல?”

என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டால் என்ன பதில் சொல்வதென்று டாக்டர் சொல்லிக்கொடுக்கவில்லை. கட்டிக்கொண்டு ஆறுதல் சொல்கிற பழக்கமும் எங்களுக்கு இல்லை.

“வர மாட்டான்” என்றேன்.

அவர் அழுதார். வாய் கோணி, சத்தமாக, மூக்கொழுக அழுதார். இந்த ஒரு பதிலை அவரிடம் சொல்ல ஆறு வருஷமாக ஒரு நாய் இல்லையே என்று எனக்கு உலகத்தின்மேலேயே ஆத்திரம் வந்தது. வந்த வேகத்திலேயே, அந்த ஆறு வருஷமும் அவர் லீவுக்கு வந்து இறங்கியது என் வீட்டில்தான் என்பதும் உறைத்தது. நல்லதாக ஒரு வார்த்தை சொல்லப் பார்த்தேன். வாயில் வந்தது வேறு.

“எழுந்து மூஞ்சி கழுவு” என்றேன். “மணி ரெண்டரை ஆகப்போவுது, ரெண்டு பேரும் இன்னும் சாப்பிடலை. அரிசி அந்த டப்பாவுல இருக்கு. களைஞ்சு வை. எத்தனை நாளைக்கு நானே களையறது?”

அவர் எழுந்து போனார். எவ்வளவு போடுவது என்று அங்கிருந்து கேட்டார்.